ரோலண்டின் தொண்டை விஷயமாக

கிரிம்ஸ்பி,
திங்கட்கிழமை.

அன்புள்ள டெரிக்குக்கு,

உன் அண்ணி மேவிஸ் எழுதுவது. அடிலெய்டில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை நலமாக இருக்கிறது. மற்ற யாரும் நலமாக இல்லை.

உன் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். இதை நாசூக்காகச் சொல்லப் பார்த்துக் காகிதங்களைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைப்பார், இல்லையென்றால் அடுத்த கிறிஸ்துமஸ் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ, "ஒரு ஆல்பம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார்.

நீ எழுபத்தெட்டாம் வருஷமே கப்பலேறியவன். துறைமுகத்துக் கிளப்பில் பாட்டு என்று அவர் கத்திய கத்தல்தான் உனக்குத் தெரியும். ஊரே கூடச் சேர்ந்து கத்திய காலம் அது. பிறகு கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பொத்தானை அமுக்கினால் தானே தாளம் போடும் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். டிரம்ஸ் வாசித்த கெவின் அதை ஒரு பார்வை பார்த்தான், மறுவாரமே பஸ் ஓட்டப் போய்விட்டான். அப்புறம் வயலின்காரர்கள் ஒரு பட்டாளம், அத்தனை பேருக்கும் நான்தான் டீ போட்டேன். கடைசியில் அவர்களையும் அனுப்பிவிட்டு, ஒற்றைக் கிட்டாரோடு, இழவு வீட்டில் பேசுகிற மாதிரி முணுமுணுக்க ஆரம்பித்தார். பத்திரிகைக்காரர்கள் 'முதிர்ச்சி' என்று எழுதினார்கள். அது முதிர்ச்சி இல்லை டெரிக், கட்டி.

அதுவும் எப்படித் தெரிந்தது? போன மாதம் கெவின் இறந்துபோனான். அடக்கத்தின்போது பழைய பாட்டைப் பாடச் சொன்னார்கள். இவர் அதைப் புதுப் பாணியில் நத்தை மாதிரி இழுத்தார். பின்வரிசையில் ஒரு பழைய ரசிகர், இவர் முகம் போட்ட பனியனோடு எழுந்து, "யோவ் ரோலண்ட், கெவினுக்காகவாவது பழைய மாதிரி பாடுய்யா!" என்று கத்தினார். கெவின் மனைவி டோரீனும் விடவில்லை. "ஆமாப்பா, இதைக் கேட்டா பெட்டிக்குள்ளயே புரண்டு படுத்துக்குவாரு!" உன் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கத்தினார். இரண்டாவது வரியிலேயே வாயில் ரத்தம். பாதிரியார் கைக்குட்டையோடு ஓடிவருகிறார், கூட்டமோ கைதட்டுகிறது. அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

இப்போது என் அடுப்படியில்தான் ஒலிப்பதிவு. மூன்று சுரம்தான் எட்டுகிறது, அந்த மூன்றிலேயே பாட்டு கட்டுகிறார். கெட்டில் சீட்டியடித்தால் என்னை முறைக்கிறார். நேற்று பொறுக்க முடியாமல், "உசுரு பெரிசா, பாட்டு பெரிசா?" என்று கேட்டுவிட்டேன்.

"குரல் போயிட்டா நான் யாருடி?"

"என் புருஷன்."

"அது பார்ட்-டைம் வேலைதானே."

தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. நான் துணி எடுக்கப் போகிற சாக்கில் கொல்லைப்புறம் போய் அழுதேன். கொடியில் துணியே இல்லை.

டெரிக், நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ உடனே விமானம் ஏறி வா. மைக்கைப் பிடுங்கு, சண்டை போடு, எப்படியாவது அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் எல்லோருடைய தொண்டையையும் கடவுள் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அண்ணி மேவிஸ்

பின்குறிப்பு: இது தபாலில் சேராமல் கைப்பையிலேயே கிடந்ததில் கதை மாறிவிட்டது. அவரே சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கடைசிப் பாட்டு அவருக்கு எட்டவில்லை, என்னைப் பாடச் சொல்லிவிட்டார். "எனக்கு சுருதியே நிக்காதே" என்றால், "அதான் வேணும்" என்கிறார். இரண்டாவது சரணம் இன்னும் சரியாக வரவில்லை, ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டருக்கு போன் போட்டுக் கெஞ்சியது நான்தான். முடியாது என்றுவிட்டார். அதனால் நீ இப்போது வராதே, பதிவு முடிகிறவரை வீட்டில் சத்தம் கூடாது. பதிவில் நான் பாடி முடித்ததும் அவர் குரல் கேட்கிறது: "நல்லாயில்ல மேவிஸ். இன்னொரு தடவை." அதை வெட்டிவிடச் சொல்கிறார். நான் விட மாட்டேன்.