கோட்டுக்குள்ள ஒரு பணக்காரன்

இனிமே என் சகலை முன்னாடி கூனிக் குறுகி நிக்கறதில்லைன்னு முடிவு கட்டிட்டேன். அவர் பெரிய பணக்காரர். நான் தையல்காரன். அவர் வீட்டு விருந்துல எனக்கு எப்பவும் சமையல்கட்டு ஓரம்தான். இந்தத் தடவை விடறதா இல்ல. கடையில டெலிவரிக்குத் தொங்கின ஒரு கோட்டை எடுத்து மாட்டினேன். யாரோடதோ! சீட்டுல வெறும் நம்பர்தான். தைக்க வர்ற துணியை வாங்கி வைக்கறது என் மனைவி.

"இது ஏதுங்க?"

"எனக்குன்னு தைச்சுக்கிட்டேன்."

"தொளதொளன்னு இருக்கே?"

"இனிமே சதை போடப் போறேன்."

"ஓஹோ"ன்னா. அதோட விட்டுட்டா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

விருந்துல ராஜ மரியாதை! நடு சோபா. போன வருஷம் வரைக்கும் "ஏம்ப்பா"ன்னவர் "வாங்க தம்பி"ங்கறார். ஆள் பாதி, ஆடை பாதியாம். என் விஷயத்துல ஆள் கால்கூட இல்ல.

அப்புறம் அவர் கண்ணு கோட்டு மேலயே நின்னுது.

"எங்க வாங்கினது?"

"வெளியூர்ல."

மனைவி இருமினா.

"இதே மாதிரி எங்கிட்டயும் ஒண்ணு இருக்கே!"

"நல்ல துணின்னா நாலு பேர் வாங்கத்தானே செய்வாங்க?"

"உள்பை உண்டா?" கேட்டுக்கிட்டே கையை விட்டுட்டார். வெளியே வந்தது ஒரு மூக்குக்கண்ணாடி.

"என்னோடது! நாலு நாளா வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன்!"

பையைத் தடவிப் பாக்காம கோட்டை மாட்டின ஒரே தையல்காரன் நான்தான். கூடத்துல இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அடுத்தவங்க துணியைப் போட்டுத் திரியறவன்னு பேர் வந்தா, கடைக்கு ஒரு கைக்குட்டைகூட வராது. பொழப்புல மண்ணு!

மனைவி நிதானமா எழுந்து வந்தா.

"கண்ணாடி கிடைச்சுதா அத்தான்? இடுப்பைப் பிரிச்சு விடச் சொல்லி அக்கா குடுத்த கோட்டுதான். மடிச்சு எடுத்துட்டு வந்தா கசங்கிடும்னு நான்தான் இவரைப் போட்டுக்கிட்டு வரச் சொன்னேன்."

அடிப்பாவி! எல்லாம் தெரிஞ்சேதான் விட்டிருக்கா! ஆனா போன மானம் திரும்பி வந்துச்சு. சகலை வீடு நிறைய காசு வச்சிருக்கலாம். கண்ணைச் சிமிட்டாம புருஷனுக்காகப் பொய் சொல்ல இப்படி ஒருத்தி உண்டா அவருக்கு? நான்தாண்டா பணக்காரன்னு நெஞ்சு நிமிர்ந்துது.

சகலை சம்சாரம் கோட்டைத் தடவிப் பாத்துட்டு, "அட, ஒரு சுருக்கம்கூட இல்லையே!"ன்னு அசந்து போனாங்க.

என் மனைவி அடக்கமா சிரிச்சா.

"உங்க கவுனும் ஞாயித்துக்கிழமை ரெடி அக்கா. அதையும் இவரே போட்டுக்கிட்டு வந்து குடுப்பாரு."