ஓட்டையில்லாத கார்

புது மருமகன் மாமனார் வீட்டில் சாப்பிடலாம், தூங்கலாம். எதையும் ரிப்பேர் மட்டும் செய்யக் கூடாது. எனக்கு இந்த ஞானம் கொஞ்சம் பிந்திக் கிடைத்தது.

நான் திருவட்டாறுக்காரன். பெண் எடுத்தது கடியப்பட்டணத்தில். மாமனார் படகு வைத்துத் தொழில் செய்தவர். கடல் தெரியாத மருமகன் என்று அந்த வீட்டில் எனக்கு லேசான இளக்காரம் உண்டு. (மீனில் முள் எடுக்கத் தெரியாமல் நான் முழித்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.)

மாமாவிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. உப்புக்காற்று அதன் அடித்தகட்டைத் தின்று, ரப்பர் விரிப்பைத் தூக்கினால் ரோடு தெரியும். கொழுந்தியாள் ஜெனி அந்தக் காரில்தான் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பது மாமாவின் ஆசை. பழைய தகட்டை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் வைக்கலாம் என்றார் டிங்கர். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"தகடுன்னா திரும்பவும் துருப்பிடிக்கும் மாமா. படகுக்குப் போடுற மாதிரி ஃபைபர்ல போட்டுருவோம்."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மருமவனுக்குப் புத்தி உண்டும், கேட்டியா!" என்று மாமியாரிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே காரைப் படகு வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன்.

துருத்தகட்டை அறுத்தெடுத்து, அடிச்சட்டங்களின் மேல் ஃபைபர் விரித்து வழவழவென்று தளம் போட்டோம். பழைய தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டைகள் சில இருந்தன. நல்ல தளத்தில் ஓட்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். பிறகு உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாமா என் முதுகில் தட்டினார். அவ்வளவு தண்ணீரையும் நானே கப்பால் கோரி வெளியே ஊற்றினேன். (அப்பவாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா?)

கல்யாணத்தன்று கொட்டும் மழை. மாப்பிள்ளை ஊர் மாதா கோயிலுக்கு நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் கோட்டு போட்ட மாமா. பின்னால் வெள்ளைப் பட்டில் ஜெனி, அருகே என் மனைவி. முன்கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கியது. வருஷக்கணக்காக இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. துரு ஓட்டை வழியே ரோட்டுக்குப் போனதால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது அதற்குப் போக வழியில்லை.

பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் வந்து என் காலை நனைத்தது. மேடு ஏறினால் பின்னால் ஓடியது. "அத்தான், சேலை!" என்று அலறிய ஜெனி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சீட்டில் சம்மணம் போட்டாள். மனைவி கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மாமா புது ஷூவோடு அசையாமல் இருந்தார்.

"காலம் முழுக்க கடல்ல கெடந்தேன், மருமவனே. படகுக்குள்ள இம்புட்டு வெள்ளம் கண்டதில்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோயில் வாசல் சரிவில் கார் சாய்ந்து நின்றது. நான் தடுப்பதற்குள், மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து பின்கதவைத் திறந்தார். மொத்தத் தண்ணீரும் அவர் ஷூவுக்குள் இறங்கியது. ஜெனியின் புடவையில் ஒரு துளி படவில்லை. பீடம் வரைக்கும் மாப்பிள்ளை 'சளக் சளக்' என்று நடந்த சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது.

மறுநாளே மாமா தன் கையால் தளத்தில் துளை போட்டார். தளம் இன்றுவரை துருப்பிடிக்கவில்லை என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன், கேட்க ஆளில்லை. டிவியில் புயல் எச்சரிக்கை வந்தால் போதும், ஜெனியின் போன் வந்துவிடும்.

"அத்தான், மீனவர்கள் யாரும் கடலுக்குப் போகாண்டாம்னு சொல்லுகான். காரை எடுத்துராதீங்க, கேட்டியளா?"