விதைக்கு விட்ட கொத்தமல்லி

இலைக்காகச் செடி வளர்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பறிக்கிறார்கள், தின்கிறார்கள், மறந்துவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது விதைக்கு விடுகிறவரைப் பற்றி. அவரை உங்களுக்குத் தெரியும். பால்கனி நிறையக் கொத்தமல்லி வைத்திருப்பார். சமையலுக்குக் கொத்தமல்லி கடையிலிருந்து வரும்.

நம் ஆள் பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைப்பவர், விதை உலரும் நாட்களில் தம் வீட்டார் வாயை மட்டும் மூடச் சொல்வார். கூடத்தில் செய்தித்தாளை விரித்து, பழுப்பேறிய கொத்துகளை அதன்மேல் உதிர்த்து, கிளினிக் இடுக்கியால் ஒவ்வொரு விதையாகப் பொறுக்கி, சொத்தையைத் தொழில்முறைக் கர்வத்தோடு ஒதுக்கித் தள்ளியபடி, மின்விசிறியை நிறுத்திவிட்டு அவர் உட்கார்ந்திருக்கையில், வேர்வையில் நனைந்த மனைவி வாசற்படியில் நின்று பெருமூச்சு விட்டாலும் குற்றம். தும்மலா? மொட்டை மாடி இருக்கிறது.

"ரெண்டே ரெண்டு காம்பு கிள்ளிக்கறேங்க" என்று அவள் ஒருமுறை கத்தரிக்கோலோடு வந்தாள்.

"விதைக்கு விட்டிருக்கேன்."

பெண்ணை மேல்படிப்புக்கு விட்டிருக்கிறேன் என்கிற குரல் அது. அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மற்றவர்கள் வீட்டுக் கொத்தமல்லி நாலு வெயில் பட்டதும் பூத்துக் கிழடு தட்டிவிடும்; இவருடையது கோடையிலும் இலை விட்டுக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் கடைசியாகப் பூக்கிற செடியில் மட்டும் விதையெடுத்து அவரே உண்டாக்கிய வம்சம். உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. அதனால்தான் உலகத்தில் யாருக்கும் கொடுக்க மாட்டார்.

ஒரு வருஷம் விதை உலர்ந்துகொண்டிருந்த சமயம் பார்த்து அவருடைய அக்கா வந்தாள். ஒரு பிடி விதை கேட்டாள்.

"இன்னும் காயலைக்கா" என்றார்.

சத்தியமான பேச்சு. ஆனால் அவள் மறுபடி கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், அதே காயாத விதையை அன்றைக்கே அள்ளி, கண்ணாடிப் புட்டியில் அடைத்து, மூடியை இறுக்கி, அலமாரி உச்சியில் பழைய பல்செட்டுகளுக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தார். புட்டி தேடி அவர் உள்ளே போன நேரத்தில் மனைவி ஒரு பிடியை அள்ளி நாத்தனாரின் கைப்பையில் போட்டது அவருக்குத் தெரியாது.

விதைக்கும் பருவம் வந்தது. புட்டியைத் திறந்தார். உள்ளே சாம்பல் பூத்த ஒரே பூசணம். வம்சம் முடிந்தது. நகராமல் உட்கார்ந்திருந்தார். மனைவி எவ்வளவோ சொல்லியிருக்கலாம். மின்விசிறியைப் போட்டாள். பிறகுதான் மெதுவாக, அக்கா வீடுவரை ஒரு நடை போய்வரச் சொல்லி, காரணத்தையும் சொன்னாள்.

அக்கா விதை சேமிப்பது பற்றியெல்லாம் கேள்விப்பட்டவளே அல்ல. தொட்டியில் வீசினாள், முளைத்தது, தினமும் பறித்துத் தின்று தீர்த்தாள். மூலையில் ஒரே ஒரு செடி மட்டும் பழுப்பேறி, கொத்துக் கொத்தாக விதையோடு நின்றது.

"அது கைக்கு எட்டலைடா. சோம்பல்பட்டு விட்டுட்டேன். வேணுமா?"

"வேணும்க்கா."

"முழுசா எடுத்துக்கோ" என்று எக்கி, வேரோடு பிடுங்கிக் கையில் கொடுத்தாள். இவ்வளவு கவனத்தால் அழிந்த வம்சம் அவ்வளவு சோம்பலால் பிழைத்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். விதையை நிதானமாக, மின்விசிறி ஓட ஓடவே காயவைத்து விதைத்தார். நீளத் தொட்டியில் இலை கட்டுக்கட்டாக நின்றது. மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள். அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"தாராளமா பறிச்சுக்கோ. மூலையில இருக்கறதை மட்டும் விட்டுடு."

"எந்த மூலை?"

"நாலு மூலையும். அப்புறம்… நடுவுலயும் கொஞ்சம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும், விருந்தாளி வரட்டும் என்று நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்த நல்ல தட்டுகளைக் கொஞ்சம் தூசி தட்டிவிடுங்கள்.