அரக்கன் சாகிற இடத்தை வெட்டாதீர்கள்

தென்காசி,
பங்குனி மாதம்.

பறக்கும் குதிரைப் படம் எடுத்த கம்பெனி முதலாளி ஐயா அவர்கள் சமூகத்துக்கு, போன சாரல் சீசனில் குற்றாலத்தில் உங்கள் படத்துக்கு வேலை பார்த்த ஆவுடையப்பனின் சம்சாரம் குருவம்மாள் கும்பிட்டு எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகமில்லை. அவர் கார்த்திகையில் மலைக்காய்ச்சல் கண்டு போய்விட்டார். உங்கள் அரக்கர் கூட்டத்தில் ஒருத்தர் குறைந்துவிட்டார் என்று அங்கே வந்து யார் சொல்லப் போகிறார்கள், அதனால் நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் படம் எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு வந்தது. புருஷன் செத்து வருஷம் திரும்பாதவள் வாசல்படி தாண்டக் கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். அவருடைய அண்ணன், "தாலியறுத்த ஈரம் காயல, கொட்டகைக்குப் போகுதாளாம், ஊரு காறித் துப்பும்" என்று குதித்தார். பக்கத்து வீட்டு மாரித்தாய்தான் எனக்காகப் பேசினாள். அவள் புருஷன் சொரிமுத்துவும் உங்கள் படத்தில் வேலை பார்த்தவன். அதற்கு முந்தியே வண்டி கட்டிக்கொண்டு புளியறைக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. "அவ படமா பாக்கப் போறா? புருசனப் பாக்கப் போறா. ஒம்ம தம்பி மொகத்த வேற எங்கன போயிப் பாப்பா, சொல்லும்" என்றாள் மாரித்தாய். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையை விட்டு இறங்கிப் போனார். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது ஐயா. நான் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் மணலில் போய் உட்கார்ந்தேன்.

படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வேலை முடிந்து வந்து கஞ்சி குடிக்கும்போது அவர் எல்லா ரகசியத்தையும் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆகாயத்தில் பறக்கிற குதிரை மரக்குதிரை, கயிற்றில் கட்டித் தூக்கினது, கீழே சாம்பிராணிப் புகை போட்டதுதான் மேகம், பிடரிமயிர் ஆடுவதற்கு நாலு பேர் பனையோலை விசிறியோடு நின்றார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அது பாறையை விட்டுக் கிளம்பினபோது மேலே இருந்த ராஜகுமாரி விழுந்துவிடுவாளோ என்று மாரித்தாயின் கையை நெரித்துவிட்டேன். அரக்கர் சேனை என்று நீங்கள் காட்டினதும் கொஞ்சம் ஆட்கள்தான், ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி ஓடினார்களாம், அவருக்குக் கால் வீங்கி நான் விளக்கெண்ணெய் தடவிவிட்டேன். திரையில் பார்த்தால் பூமி தாங்காத கூட்டம்! ஐந்தருவித் தண்ணீர் கீழேயிருந்து மேலே ஏறி ஆகாசத்துக்குப் போனபோது, "ஏலே, ரீலத் தலகீழா மாட்டிட்டான்லே!" என்று ஆம்பிளைகள் பக்கம் கூச்சல். மிஷின் ஓட்டுகிற பீர் மைதீன் அண்ணாச்சி தலையை வெளியே நீட்டி, "நான் ஒழுங்காத்தான் ஓட்டுதேன், படமே அப்படித்தாம்வே, உக்காரும்" என்று கத்தினார். அதை யோசித்தவர் யாரோ, அவருக்கு என் கும்பிடு.

அப்புறம்தான் அந்த இடம் வந்தது. தான் அரக்கர்களில் முன்வரிசை என்றும், ராஜகுமாரன் அம்புக்குத் தான்தான் முதலில் சாவதாகவும் அவர் சொல்லியிருந்தார். முன்வரிசையில் பாதி முகத்தை மறைக்கிற மீசையும் கொம்புமாக அவர் நின்றார். அம்பு நெஞ்சில் பாய்ந்தது. மல்லாந்து பாறையிலிருந்து உருண்டார். எனக்குக் கொட்டகை மறந்துபோயிற்று. காய்ச்சலில் அவர் கண்ணை மூடினபோது மயங்கிக் கிடந்த நான், அன்றைக்கு அழாததையும் சேர்த்து, "என்னப் பெத்த ராசா" என்று குரலெடுத்துவிட்டேன். ஒருத்தி குரலெடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்து வந்து, திரைக்கு முதுகைக் காட்டி வட்டமாக உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தோம். எல்லாரிலும் மாரித்தாய் குரல்தான் ஓங்கி இருந்தது. அச்சன்புதூர்க்காரர் ஒருத்தர் ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து துக்கம் விசாரித்துத் துட்டி கேட்க வந்துவிட்டார். "என்ன சீக்கு தாயி?" என்றார். "அம்பு" என்றாள் முறுக்கு விற்கிறவள். எங்களை வெளியே தள்ள வந்த கொட்டகை முதலாளியும் விஷயம் தெரிந்ததும் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "படத்த நிறுத்த முடியாது தாயி, ரீலு அந்துரும். அடுத்த ஆட்டத்துக்கு முந்தி அழுது முடிச்சிருங்க" என்று தணிவாகச் சொன்னார். நாங்கள் அழுதுகொண்டே இருந்தோம். திடீரென்று ஒரு குமரி, "யக்கா, ஒங்க வீட்டுக்காரரு எந்திரிச்சிட்டாரு!" என்று கூவினாள். திரும்பினால் அந்த ஆளேதான், கொம்பை மட்டும் கழற்றிவிட்டு, அதே மீசையோடு ராஜகுமாரன் பக்கம் வேல் பிடித்து நிற்கிறார். அழுதவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

இப்போது விண்ணப்பம். படம் நீளமென்று சண்டையை வெட்டச் சொல்லி உங்கள் கம்பெனி எழுதியிருப்பதாகக் கொட்டகை முதலாளி சொன்னார். வெட்டவே வேண்டாம். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த அரக்கன் சாகிற துண்டை எனக்குத் தபாலில் அனுப்பவும். வெளிச்சத்தில் பிடித்து முகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உங்கள் காமிராவைச் சாரலில் நனையாமல் காக்கட்டும். விசிறி வீசினவர்கள் வரைக்கும் எல்லாருக்கும் என் கும்பிடு.

இப்படிக்கு,
ஆ. குருவம்மாள்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் சொரிமுத்து புளியறையிலிருந்து வந்துவிட்டான். கடிதத்தை வாசித்துத் தலையைச் சொறிந்தான். "மதினி, கோவிச்சுக்கிடாதீக. செத்தது நான்" என்றான். மாரித்தாய், "வெளங்காதவனே, அம்புட்டு நேரம் ஒனக்கா அழுதேன்!" என்று அகப்பையை எடுத்தாள். உங்கள் படத்தில் ராட்சசப் பாம்பு ஒன்று வருகிறதாமே, சாக்கும் மூங்கிலுமாகச் செய்து உள்ளே ஆட்கள் குனிந்து நடந்தார்களாமே, அதில் என் வீட்டுக்காரர்தான் வாலாம். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு அரக்கன் என்று சொல்லியிருக்கிறார். "வாலச் சுருட்டி நிமித்துறது ஒருத்தனுக்கும் வரல மதினி, அண்ணாச்சிக்குத்தான் வந்துச்சி. டைரக்டரே கைதட்டுனாரு" என்கிறான். நாங்கள் முதுகைக் காட்டி அழுத நேரத்தில்தான் அந்தப் பாம்பு வந்து போயிருக்கிறது. ஆகையால் மேலே கேட்டதை விட்டுவிடவும். அரக்கனை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், மாரித்தாய் சம்மதித்துவிட்டாள். பாம்பில் கை வைக்காதீர்கள். கொட்டகை சுரண்டைக்குப் போய்விட்டது. நாளைக்கு பஸ்ஸில் போகிறேன், அவருடைய அண்ணனும் கூட வருகிறேன் என்கிறார். இந்தத் தடவை அழமாட்டேன் ஐயா. வால் போய் முடிகிற வரைக்கும் திரும்பமாட்டேன்.