நெஞ்சுக்குக் குடிபோன மண்ணீரல்

பெண்டாட்டியிடம் சொன்ன பொய்யை டாக்டரிடமும் சொல்லக்கூடாது. இந்தப் புத்தி எனக்கு நாற்பது வயதில்தான் வந்தது, அதுவும் சட்டையில்லாமல் படுத்திருந்தபோது.

கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை, கரியாலூர் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மலைப்பாதை வளைவில் பைக்கோடு உருண்டேன். (ஓட்டியது நான்தான். வளைவின் மேல் பழி போட்டுப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.) மண்ணீரல் சிதறிவிட்டது. அதை எடுத்துவிட்டு, நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை தைத்து அனுப்பினார்கள். பெண் பார்க்கும் நேரம் வந்ததும் அம்மா சொன்னார்: “பெரிய ஆபரேஷன் ஆன ஒடம்புன்னா எவன்டா பொண்ணு குடுப்பான்? கேட்டா அப்பெண்டிக்ஸ்னு சொல்லு.” சொன்னேன். தியாகதுருகத்து ஸ்டெல்லா அதை நம்பி என்னைக் கட்டிக்கொண்டாள்.

போன வருஷம் விடாத இருமல். கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தால், இடது நெஞ்சுக்குள் ஏழெட்டுக் கட்டிகள்.

“முன்ன அடிகிடி பட்டுச்சா? ஆபரேஷன் எதனா?” என்றார் டாக்டர்.

பக்கத்தில் ஸ்டெல்லா. “அப்பெண்டிக்ஸ் மட்டுந்தான் சார்,” என்றேன்.

புற்றுநோயாக இருக்கலாம், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த வாரம் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஊசி போடும் நாளன்று டாக்டர் என் தழும்பையே பார்த்தார்.

“இது இன்னாப்பா?”

“அப்பெண்டிக்ஸ் சார்.”

“அது வலப்பக்கம் அடிவயித்துல இல்ல இருக்கும்?” வெளியே நின்ற ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

அவள் என்னைவிட உறுதியாகச் சொன்னாள்: “அப்பெண்டிக்ஸ்தான் சார். இவருக்குக் கொஞ்சம் மேல ஏறிக்கினு இருந்துச்சாம்.”

(கல்யாணமான புதிதில் நான் சொன்ன விளக்கம்தான் அது.) நர்ஸ் திரும்பி நின்று சிரித்தார். நான் உண்மையைக் கக்கினேன்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். “குத்தியிருந்தா ரத்தம் கொட்டியிருக்கும்யா!” விழுந்த வேகத்தில் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள தடுப்பும் கிழிந்து, சிதறிய மண்ணீரலின் துணுக்குகள் மேலே போய் ஒட்டி வளர்ந்திருக்கலாம் என்றார். சென்னைக்கு அனுப்பினார். அங்கே என் ரத்தத்தை எடுத்து, சூடுபடுத்தி, படத்தில் ஒளிரும் மருந்து கலந்து திரும்ப ஏற்றிப் படமெடுத்தார்கள். கெட்டுப்போன ரத்த அணுக்களைப் பிடித்துவைப்பது மண்ணீரலின் வேலையாம். படத்தில் அந்தக் கட்டிகள் அத்தனையும் பளிச்சென்று தெரிந்தன. புற்றுநோய் இல்லை, எதுவும் செய்ய வேண்டாம் என்றார்கள்.

திரும்பும்போது பஸ் தியாகதுருகம் வந்தது. ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: “அன்னிக்கே சொல்லியிருந்தாலும் உங்களத்தாங்க கட்டிக்கினு இருப்பேன்.” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கட்டிகளால் இன்றுவரை ஒரு தொல்லையும் இல்லை. வீட்டில்தான் தொல்லை. நேற்று, “கடையில பால் தீந்துபோச்சு,” என்று வெறுங்கையோடு வந்து நின்றேன். (வாங்க மறந்ததுதான் உண்மை.) ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் எட்டு வயது மகள் முந்திக்கொண்டாள்:

“யப்பா, சட்டையத் தூக்கிக் காட்டு.”