எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க" சொன்னவர்

"நல்லா ஓடற கம்ப்யூட்டரை எதுக்குக் கண்ணு அவன் பிரிச்சுப் போடறான்?" என்று சூசைமேரி அத்தை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டருக்கு அவர் தேவையில்லை. அதை அவரால் தாங்க முடியாது.

ஓடுவதைப் பிரித்துப் போடுகிற அந்த இனத்துக்கு 'சோர்ஸ்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்பு தயாராகவே கிடைக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சோர்ஸ்காரர் அழுத்தமாட்டார். 'சோர்ஸ்' எனப்படும் மூல நிரல் வரிகளை லட்சக்கணக்கில் இறக்கி, பாக்கெட் மாவு வாங்காமல் அரிசியை ஊறப்போட்டு அரைப்பவரைப் போலத் தானே கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றி, திரையில் எழுத்துகள் ஓடுவதைக் காபி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "இதுதாங்க சேஃப்" என்பார். யாருக்கு சேஃப்? கேட்டுவிடாதீர்கள். விளக்குவார்.

போத்தனூரில் எங்கள் சர்ச்சின் சோர்ஸ்காரர் ஜெப்ரி அண்ணன்.

அத்தையின் மகள் ஜெனிதா அக்காவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். அப்பா சந்தியாகு மாமாவுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் சர்ச் கம்ப்யூட்டர் அனுப்பும் நேரலையில்தான் பார்க்க வேண்டும். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னிடம் கேமராவைக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜெப்ரி அண்ணன், "பழைய சிஸ்டத்தை நம்பி ரிஸ்க் எடுக்க வேண்டாம்ங்க" என்று கம்பைலை ஆரம்பித்தார்.

கவனமானவர்தான். குறிப்புகளை முழுக்கப் படித்தார். பேக்கப் எடுத்தார். அதே கட்டடத்தில் வைத்தால் ஆபத்து என்று, அந்த டிஸ்கைத் தம்பியிடம் கொடுத்து, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கொடுமுடிக்கே அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை காலை கடைசிக் கட்டம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பாகக் காட்டி, "பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கட்டுமா?" என்று கேட்டது. முதலில் சிலவற்றைப் படித்தார். பிறகு நம் ஊர் மரியாதை தலைதூக்கியது. கேட்டவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று தட்டிக்கொண்டே போனார். அவற்றில் ஒன்று, உள்ளே நுழையத் தகுதியுள்ளவர்களின் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் இருந்த கோப்பு. புதியதில் எங்கள் யார் பெயரும் இல்லை.

கம்ப்யூட்டர் பளபளப்பாக எழுந்தது. ஜெப்ரி அண்ணன் தன் பெயரை அடித்தார். தெரியாது என்றது. ஃபாதர் பெயரையும் தெரியாது என்றது. பழைய கோப்பு இருந்த பேக்கப்போ கொடுமுடியில் பத்திரமாக இருந்தது.

"படம் எப்ப வருமுன்னு மாமா கேக்கறாரு," என்றார் அத்தை.

"செத்த பொறுங்க அத்தை. சிஸ்டம் இப்ப ரொம்ப சேஃபா இருக்குதுங்க. யாராலயும் உள்ள போக முடியாது."

"உன்னாலயுமா கண்ணு?"

"என்னாலயுந்தானுங்க."

பூசை தொடங்கிவிட்டது. அத்தை தன் ஃபோனில் வீடியோ கால் போட்டு என் கையில் திணித்தார். நான் கூட்டத்தில் நுழைந்து முன்னே போவதற்குள் ஒரு பெரிய மனிதர் எழுந்து நின்றுவிட்டார். சந்தியாகு மாமா பார்த்தது அவருடைய சஃபாரி சட்டையின் முதுகு.

"தாலி ஏறிருச்சா கண்ணு?"

"ஏறிருச்சுங்க மாமா."

"செரி. அவ மொகத்தையாச்சும் காட்டு," என்றார். காட்டினேன்.

எல்லாம் முடிந்தபின் ஜெப்ரி அண்ணன் வந்து, "சரியாயிருச்சுங்க" என்றார். பிரியாணிப் பந்தி மிகத் தெளிவாகக் குவைத் போய்ச் சேர்ந்தது.

சிரிக்கிறீர்களா? ஊருக்குக் கிளம்பும் நாளில் நல்ல வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றியவர் யார்? படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்திய விரல் யாருடையது?

இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லுங்கள். விசேஷம் வைத்திருக்கிற வீடாக இருந்தால், தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.