அந்த இலை என்னுதில்ல

முதல் துண்டுச் சுக்காவை வாயில் போட்ட பிறகுதான், எதிர் மேஜையில் ஒரு பெண் எழுந்து நின்று தன்னைக் கும்பிடுவதைப் பரிபூரணம் பார்த்தாள்.

வேறு நடிகையாக இருந்தால் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்திருப்பாள். பரிபூரணம் ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் அம்மனாக வருகிறவள். அதற்கு முன் சினிமாவில் கதாநாயகிக்குத் தோழி, தோழிக்குத் தோழி, ஆஸ்பத்திரிக் காட்சியில் பின்னால் போகிற நர்ஸ். அவள் முகத்தைக் கேமரா நிதானமாகப் பார்த்தது இந்த சீரியலில்தான். தயாரிப்பாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சீரியல் முடிகிறவரை கவுச்சி கூடாது. அம்மன் கறி தின்றதாக எவராவது டி.வி.க்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால், மறுவாரம் வேறு அம்மன் வரும்.

அன்றிலிருந்து ஒரு வருஷமாகத் தயிர்சாதம். சித்தி வீட்டுக் காதுகுத்துக்கு ராஜபாளையம் வந்தவளுக்கு நாக்கு அடங்கவில்லை. சொந்த ஊரில் கண்கள் அதிகம் என்று, தம்பி தவசிமுத்துவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற இந்த ஓட்டலைப் பிடித்திருந்தாள்.

"அம்மன்தான?" என்றாள் அந்தப் பெண். பெத்தம்மாள் என்று பெயர். கூமாப்பட்டிக்காரி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பரிபூரணத்தை ஓட்டலில் யாரும் அடையாளம் கண்டது அதுதான் முதல் தடவை.

"ஆமா," என்றுவிட்டாள்.

பெத்தம்மாளின் கண் இலைக்கு இறங்கியது. பரிபூரணம் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்த இலை என்னுதில்ல. தம்பியோடது."

தவசிமுத்துவுக்கு முன்னால் ஏற்கெனவே ஓர் இலை இருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். தள்ளிவிடப்பட்ட இலையைப் பார்த்தான். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று சாப்பிடத் தொடங்கினான்.

அந்த நேரம் பார்த்து சர்வர் வந்தான்.

"யக்கா, நீங்க கேட்ட மூளை வறுவல். தொடைக்கறி பின்னால வருது."

அதுவும் தம்பிக்குத்தான் என்று பரிபூரணம் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஏலே," என்று பெத்தம்மாள் தவசிமுத்து பக்கம் திரும்பினாள். "அவிய பட்டினியா உக்காந்திருக்காவ. நீ ரெண்டு எலை போட்டுத் திங்கியே, ஒனக்கு எறங்குதா?"

இறங்கவில்லை. தவசிமுத்துவுக்கு விக்கியது.

பேச்சு எங்கே போகிறது என்று பரிபூரணத்துக்குப் பயமாகிவிட்டது. தனக்கு இன்று விரதம் என்றாள்.

விரதம் என்ற சொல் கல்லாவரைக்கும் போனது. முதலாளி சிவனாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடிவந்தார். விரதத்தோடு அம்மன் தன் ஓட்டலுக்கு வந்திருப்பதைச் சத்தமாக எல்லோருக்கும் அறிவித்தார். சாமி படத்துக்கு வைத்திருந்த கற்பூரம் வந்தது. பக்கத்துக் கடையிலிருந்து சுடச்சுடப் பால்கோவா வந்தது. விரதமாயிற்றே, அதையும் தொட முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி இலையில் எழுந்து, கை கழுவிவிட்டு வரிசையில் நின்றார்கள். சிவனாண்டி திருநீற்று டப்பாவைத் திறந்து நீட்டினார்.

பரிபூரணம் இடது கையை விட்டாள்.

வரிசை முணுமுணுத்தது. சிவனாண்டி குனிந்து, "சோத்துக் கையால குடுங்கம்மா," என்றார்.

முந்தானைக்குள் முடிந்தமட்டும் துடைத்துவிட்டு வலது கையை வெளியே எடுத்தாள். வரிசையில் முதல் ஆள் பெத்தம்மாள். திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு, அந்தக் கையை அப்படியே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றியவள் விடவில்லை. கை கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"சுக்கா," என்றாள்.

தவசிமுத்து மெல்லுவதை நிறுத்தினான்.

பரிபூரணத்தின் மனசுக்குள் வேறொருத்தி சூலத்தோடு நடந்து வந்தாள். அவளைவிட வயது குறைந்தவள், எடுப்பானவள்.

"ஆமாக்கா. பசி தாங்கல." குரல் தாழ்ந்தது. "தயவுசெஞ்சு டி.வி.க்கு எழுதிப் போட்ராதீங்க. தெரிஞ்சா தயாரிப்பாளர் என்னையத் தூக்கிருவாரு."

பெத்தம்மாள் தவசிமுத்துவுக்கு முன்னால் கிடந்த இரண்டாவது இலையை இழுத்துப் பரிபூரணத்தின் முன்னால் வைத்தாள்.

"எழுதாம விடுவனா? கெடா வெட்டாம நம்ம அம்மனுக்குக் கொடை ஏது தாயி; ஒரு வருசமா சீரியல்ல படையலுக்கு எலுமிச்சம்பழத்தையே காட்டிக் காட்டி ஒங்களப் பட்டினி போடுதானேன்னு, எங்க தெருவே அந்தத் தயாரிப்பாளரத்தான தேடிக்கிட்டு இருக்கு."